பூட்டல் இலக்கணம்: மலையகத்துக் கேமிங் கணினி குறித்து ஓர் ஆய்வு

'பூட்டு' என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருவர் "கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிட்டேன்" என்றால் அவர் ஊருக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு பையன் "கம்பியூட்டர் பூட்டிட்டேன்" என்றால், பாட்ஸ் பாட்ஸாக வாங்கிவந்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஓட விட்டுவிட்டான் என்று அர்த்தம். ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது என்று பழைய தமிழும் இணைப்பின் பக்கமே நிற்கிறது. ஆகவே இந்தச் சொல்லைப் பொறுத்தவரை பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லைவிட ஹட்டன் பக்கத்து டிக்கோயாவே மரபுக்கு நெருக்கம் என்பது இக்கட்டுரையாளரின் முதல் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது தெரிந்ததுதான்.

ஆய்வுக்குரிய சிக்கல் இது: கேம் விளையாடத் தகுந்த கணினி ஒன்றைக் கடைக்காரன் பூட்டி வைத்த 'செட்'டாக வாங்குவதா, தானே சாமான் வாங்கிப் பூட்டுவதா? லயத்து இஸ்தோப்புகளில் (தோட்டக் குடியிருப்புத் திண்ணைகளில்) இரவு பத்து மணிக்கு மேல் இது பேசப்படும் ஆவேசத்தைப் பார்த்தால், சைவ சித்தாந்திகளின் பரபக்க வாதமெல்லாம் வெறும் குசலம் விசாரிப்பு என்று தோன்றும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் 'கேம்' என்ற சொல் வழங்குவதில்லை. அங்கே அந்த இயந்திரத்தின் பெயர் 'எடிட்டிங்குக்கு'.

செய்யுளுக்குப் பொருள் காணும் முறையாக நன்னூல் எட்டுப் பொருள்கோள்களைச் சொல்கிறது. அவற்றுள் ஆற்றுநீர் என்பது மேலிருந்து கீழே தங்குதடையில்லாமல் ஓடிவருவது. செட் வாங்குவது இந்த வகை. காசைக் கொடுத்தால் பெட்டி வரும், வயரைச் சொருகினால் படம் வரும். கொண்டுகூட்டு என்பது வேறு. அங்கங்கே கிடக்கும் சொற்களை எடுத்துவந்து, கூட்டி, பொருள் காண்பது. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் மதர்போர்ட், அடுத்த மாடியில் ரேம், யாரோ ஒருவனிடம் பழைய கார்ட், ஹட்டன் டவுனில் கேசிங் என்று திரட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரைப் நன்னூலாசிரியர் பவணந்தியாரே நேரில் வந்தாலும் வைக்க முடியாது.

இரண்டு மரபுகளுக்கும் மலைநாட்டில் மூதாதையர் உண்டு. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் பறித்த கொழுந்தைத் தன் பங்களா இஸ்தோப்பில் மேசை போட்டுக் கையால் உருட்ட வைத்தார். பிறகு உருட்டும் இயந்திரத்தையும் தானே செய்துகொண்டார். கொண்டுகூட்டுக்காரர்களின் ஆதிகுரு அவர்தான். 1890இல் வந்து இறங்கிய தோமஸ் லிப்டன் மறுபக்கத்துக்காரர். இலையைக் கலந்து, நிறுத்து, பாக்கெட்டில் அடைத்து, ஒட்டி, "பிரிச்சுப் போட்டுக் குடி" என்று உலகத்துக்கே விற்றார். டெய்லரை 1892இல் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே ஆண்டில் அங்கேயே செத்துப்போனார். லிப்டனுக்கு 1898இல் சர் பட்டம். எந்த மரபில் காசு இருக்கிறது என்பது அப்போதே தீர்ந்த கேள்வி. இக்கட்டுரை காசைப் பற்றியது அல்ல.

(முழுக்க அப்படியும் சொல்ல முடியாது.)

உலக வரலாற்றை இரண்டு வரியில் கடக்கலாம். 1981இல் ஐபிஎம் தன் பிசியை வெளியார் சாமான்களைக் கூட்டியே செய்ததால், அதைப் போல யாரும் செய்யலாம் என்ற நிலை வந்தது. 1984இல் மைக்கேல் டெல் என்ற மாணவர் டெக்சஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் பூட்டி விற்கத் தொடங்கினார். இன்றைக்கு அதே பெயர் தாங்கிய பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டுக்கும் பவர் சப்ளைக்கும் தமக்கென்று ஒரு தனி வடிவம். கடையில் கிடைக்கும் வேறொன்று அதில் உட்காராது. பூட்டிப் பூட்டியே வளர்ந்தவர், மற்றவர் பூட்ட முடியாதபடி பூட்டிவிட்டார். இங்கே மட்டும் திண்டுக்கல் பொருள் செல்லும்.

இனி செட் எனும் நிறுவனத்தின் சமூகவியல். இதை விளங்கிக்கொள்ள அந்தக் காலத்துப் பெரிய கங்காணியைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் திரட்டி, கும்பலாகக் கூட்டிவந்து தோட்டத் துரையிடம் நிறுத்துவார். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. துரை கும்பலைத்தான் பார்ப்பார். முன்வரிசையில் நாலு வாட்டசாட்டமான ஆள் நின்றால் போதும், பின்வரிசையில் இருமிக்கொண்டிருப்பவன் கணக்கில் சேர்ந்துவிடுவான். செட் விற்கிறவரின் பலகையும் இப்படித்தான். பிராசசர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கிராபிக்ஸ் கார்டின் பெயர் அதைவிடப் பெரியது. ரேமின் அளவு, எஸ்எஸ்டியின் அளவு எல்லாம் உண்டு. பவர் சப்ளையின் பெயர் மட்டும் இருக்காது, '600 வாட்' என்று மொட்டையாக நிற்கும். பின்வரிசையில் இருமுகிறவர் அவர்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி எல்லோருக்கும் சோறு போடுகிற அவர் விழுந்தால், சில வேளை முன்வரிசையையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் நெற்றியில் ஒட்டியிருக்கும் '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறார் என்பதற்கான சான்று. உடம்பு நல்ல உடம்பா என்பதற்கு அது சான்று அல்ல.

அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒரு கடுதாசி இருந்தது. கும்பலின் கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இப்போது கேசிங்கின் பின்பக்கத் திருகாணி மேல் 'கிழித்தால் வொரன்டி இல்லை' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆய்வாளர்கள் நோக்குக.

நியாயமாகச் சொல்ல வேண்டும். செட்காரர் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு: பழுதானால் திட்டுவதற்கு ஒரே ஓர் ஆள் போதும். தானே பூட்டியவன் போர்ட்காரனிடம் போனால் ரேம் என்பான், ரேம்காரனிடம் போனால் போர்ட் என்பான். தவிர, 2021இல் கிரிப்டோக்காரர்கள் கார்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போன காலத்தில், உலகில் பல இடங்களில் செட்டுக்குள் ஒளிந்திருந்த கார்ட்தான் ஓரளவு நியாய விலைக்குக் கிடைத்தது.

விலைக்கு வருவோம். இந்த ஆய்வு ரூபாயில் கணக்குப் பார்க்க மறுக்கிறது. தோட்டத்தின் இயற்கையான அலகு 'பேர்'. ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்ட் 329 டொலருக்கு அமெரிக்காவில் அறிமுகமாயிருந்தது. டொலர் 200 ரூபாய் என்று வைத்தால், கடைக்காரன் இலாபமும் வரியும் சேராமலே, அந்தக் கார்டின் விலை 66 பேர். 2022 மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது அதே 329 டொலரைச் சேர்க்க முழுசாக 119 பேர் வேண்டியிருந்தது. கார்டில் ஒரு தூசு கூடவில்லை, அம்மா பறித்த கொழுந்திலும் ஒரு கிலோ குறையவில்லை. நடுவில் 53 பேர் எங்கோ போய்விட்டது. கேசிங், போர்ட், மானிட்டர் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

இதனால்தான் மூன்றாவதாக ஒரு சமயம் தோன்றியது. கொழும்பு ஆபீஸ்களில் கழித்த பழைய பெட்டியை வாங்கி, அதன் பலகைத் துளையிலிருந்தே 75 வாட்டை உறிஞ்சி ஓடும் ஒரு குட்டிக் கார்டைச் சொருகுகிறவர்கள். ஒட்டுக்கட்டுகிறவர்கள் என்று இவர்களை அழைக்கலாம். தோட்டத்தில் மிக அதிகம் இவர்களே. விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறவர்களும் இவர்களே, ஏனென்றால் இவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது கோட்பாடு. களஆய்வு டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், என் அக்கா வீட்டில் நடந்தது. மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று.

அக்கா மகன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் இரண்டு வருஷம் நின்று சேர்த்த காசில் செட்டாகவே வாங்கினான். "எதுக்கு மாமா ரிஸ்க்? பூட்டிக் குடுப்பாங்க, கொண்டுவந்து சொருகுறது மட்டுந்தான்" என்றான். நான் கொண்டுகூட்டுக் கட்சி. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. பெட்டி பஸ்ஸில் ஏறி அவிசாவளை தாண்டி, கித்துள்கலையில் குலுங்கி, கினிகத்தேனை வளைவுகளில் இடமும் வலமும் சாய்ந்து ஹட்டன் வந்தது. அங்கிருந்து ஓட்டோ. கடைசி நாலு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். அந்த ரோட்டைப் பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் நல்ல விதமாகப் பேசுகிறார்கள்.

இஸ்தோப்பில் பெட்டியை இறக்கியதும் உள்ளே கலகலவென்று ஒரு சத்தம். கண்ணாடிப் பக்கம் வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தோம். கிராபிக்ஸ் கார்ட் துளையை விட்டுக் கழன்று ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ரேம் பாதி எழுந்து நின்றது. பிராசசர் மேல் இருக்க வேண்டிய கூலர் ஒரு காலைத் தூக்கியிருந்தது. கடைக்குப் போன் போட்டான். "நீங்க தொறக்க வேணாம் தம்பி, கொண்டு வாங்க, செஞ்சு தாறோம்."

இந்த இடத்தில் ஆய்வு கணிதத்துக்குள் நுழைகிறது. கொண்டுபோனால் செய்து கொடுப்பார்கள். செய்ததை இதே ரோட்டில் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் கழலும். கழன்றால் கொண்டுபோக வேண்டும். இது முடிவிலித் தொடர். இதிலிருந்து கிடைக்கும் தேற்றம்: ரோட்டின் நீளம் நாலு கிலோமீட்டரை எட்டும் தோட்டங்களில், செட் என்று ஒரு பொருள் கிடையாது. எல்லாப் பெட்டியும் பூட்டாத பெட்டியே. பம்பலப்பிட்டியில் தொடங்கிய வாதத்தை ரோடு தீர்த்துவைத்துவிட்டது.

ஸ்டிக்கர் ஒன்றுதான் தடை. அம்மாயி, அதாவது என் அம்மா, கேத்தலை எடுத்துவந்தார். இந்தியாவிலிருந்து வரும் கடுதாசியில் முத்திரை உரித்த பழைய அனுபவம். "ஆவியில காட்டுடா, அதுவா உரியும்." உரிந்தது. ஆனால் 'செல்லாது' என்று பொருள்படும் நாலு ஆங்கில எழுத்துகள் மட்டும் பெட்டியிலேயே பளபளவென்று தங்கிவிட்டன. அம்மாயிக்கு ஆங்கிலம் தெரியாது. "பாத்தியா, சுத்தமா வந்துருச்சு" என்றார்.

பிறகு அவருடைய பழைய படங்கை விரித்தோம். முப்பது வருஷம் இடுப்பில் கட்டிக் கொழுந்தெடுத்த படங்கு. தேயிலைக் கறை போகவே போகாது. அதன்மேல் போர்ட், கார்ட், ரேம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். ஆணிகள் ஒரு சில்வர் தட்டில். கழன்ற கூலரைத் திரும்ப அப்படியே மாட்டக்கூடாது. பழைய பேஸ்டைத் துடைத்து, ஒரு பயறளவு புதிது வைக்க வேண்டும். அதற்கு மறுநாள் ஹட்டன் போன் கடை ஒன்றுக்கு ஆள் போனது. ரேமை இரண்டு கட்டை விரலால் அழுத்தும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். வந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். சுவிட்சைப் போட்டால் விசிறியெல்லாம் சுற்றுகிறது, படம் இல்லை. இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினோம். கடைசியில் பார்த்தால் மானிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல் போர்டில் சொருகியிருக்கிறோம். சொருகியது யார் என்பது ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. மாமா ஸ்தானம் என்று ஒன்று இருக்கிறது.

புணர்ச்சியில் மூன்று விகாரம் வரும் என்பார் நன்னூலார்: தோன்றல், திரிதல், கெடுதல். மூன்றும் வந்தன. ஓர் ஆணி உருண்டு அடுப்படிக்குள் போய்க் கெட்டது. வொரன்டி, இல்லாத வொரன்டியாகத் திரிந்தது. எல்லாம் முடிந்து கேசிங்கை மூடிய பிறகு, எந்தத் துளைக்கும் பொருந்தாத ஓர் ஆணி தட்டில் புதிதாகத் தோன்றியிருந்தது.

தட்பவெப்பம் பற்றியும் சில சொல்ல வேண்டும். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்பது தொல்காப்பியர் வகுத்தது. இணையக் கம்பனிகளின் இரவு டேட்டாவும் நள்ளிரவில்தான் தொடங்குகிறது. ஒரு கேமை இறக்க 100 ஜிபி வேண்டும் என்னும்போது, மலைநிலத்துப் பையன் யாமத்தில் விழித்திருப்பது ஒழுக்கக்கேடு அல்ல, திணை ஒழுக்கம். குளிரும் அவனுக்குச் சாதகம்தான். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவு, கொழும்பில் 27க்கு மேல். அறை எவ்வளவு பாகை குளிர்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு பாகை சிப்பும் குளிரும் என்பதால், கொழும்புக்காரன் விலை கொடுத்து வாங்கும் 11 பாகையை மலை சும்மா கொடுக்கிறது. கொடுத்த கையோடு அடுப்புப் புகையையும் ஈரத்தையும் உள்ளே அனுப்புகிறது. மூன்று மாதத்தில் விசிறி இறக்கையில் படிவது தூசு அல்ல, பிசுபிசுப்பான கரி.

மின்சாரம்? லக்சபான, நோர்ட்டன், காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் எல்லாம் நம் காலடியில்தான். இந்தத் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918லேயே எழுதிவைத்தார். இருந்தும் 2022 மார்ச் 31இல் நாடு முழுக்க 13 மணி நேர வெட்டு. மற்ற நாட்களில், சாயந்திரம் லயம் முழுவதும் ரைஸ் குக்கரைப் போட்டதும் யூபிஎஸ் கீச்சென்று கத்தத் தொடங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. கத்தினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

அம்மாயிக்கு இப்போது அந்தப் பெட்டி பிடித்துப்போய்விட்டது. முன்னூறு வாட் ஓடும்போது பின்பக்கத்தில் இதமான காற்று வருகிறது. மார்கழியில் அவர் ஸ்டூலைப் பின்னால் போட்டு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் பேரன் யாரையோ சுட்டுக்கொண்டிருப்பான். "நல்லா வெளையாடுடா, இன்னும் சூடு வரல."

தோன்றிய அந்த ஆணியை வீசப் போனபோது அவர் விடவில்லை. "மிசின் சாமான், கெடக்கட்டும்" என்று முருகன் படத்தடியில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வெள்ளியும் தட்டைத் துடைக்கும்போது ஆணியும் துடைக்கப்படுகிறது. போன ஐப்பசியில் ஓர் இடி விழுந்து பெட்டி ஓடாமல் போனது. நானும் மருமகனும் பவர் சப்ளையா, போர்டா, ப்ளக்கா என்று இஸ்தோப்பில் உட்கார்ந்து தர்க்கம் செய்துகொண்டிருந்தோம். அம்மாயி உள்ளேயிருந்து கேட்டார்:

"அந்த ஆணியப் பூட்டிப் பாத்தீங்களாடா?"