கொழுந்தும் கடனும்: கேள்வி-பதில்

மாதாமாதம் மினிமம் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். கிரெடிட் கார்ட் கடன் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது?
– ஒரு வாசகர், தலவாக்கலை

தேயிலை ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? மினிமம் கட்டுவது கொழுந்து கிள்ளுவது மாதிரி. ஏழெட்டு நாளில் மலை மறுபடி துளிர்த்து நிற்கும்! 2022இல் கார்ட் வட்டி ஆண்டுக்கு 36 வீதத்தைத் தொட்டது. ஒரு லட்சம் பாக்கி என்றால் மாதம் 3,000 ரூபா. அன்று தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. அம்மா இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, மழையில் மலையேறிப் போட்ட மூன்று முழுப்பேர், வட்டிக்கே போய்விடும். அசலைத் தூரோடு பிடுங்கப் பாருங்கள்.

கட்டாமலே விட்டால்? கொழும்பு பேங்க் மலையேறியா வரும்?

அது ஏன் வர வேண்டும்? நீங்கள்தானே போவீர்கள்! மகளின் படிப்புக்கோ ஓர் ஆட்டோவுக்கோ ஹட்டனில் லோன் கேட்டால், 1990இல் சட்டம் போட்டு அமைத்த கொடுகடன் தகவல் பணியகத்தின் 'கிரிப்' ரிப்போர்ட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். முடியவில்லையா, ஒளியாதீர்கள், பேங்குக்கு நேரில் போய்த் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள்.

மச்சான் என் கார்டைக் கேட்கிறான். சம்பளத்தன்று தந்துவிடுவானாம்.

பில் யார் பெயருக்கு வரும்?