கம்பெனி வைத்த பேராசிரியர்

பேராவில் இந்த இனத்தை வார நாள்களில் ஸ்ரீ இஸ்கந்தார், கம்பார், தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகங்களிலும், சனி ஞாயிறுகளில் ஈப்போவின் கண்காட்சிக் கூடாரங்களிலும் காணலாம். அடையாளம் எளிது: பெயர் அட்டையின் முன்பக்கம் இணைப் பேராசிரியர், பின்பக்கம் நிர்வாக இயக்குநர். கம்பெனியின் தலைமையகம் வீட்டு முன்கூடம். இன்னொரு இயக்குநர் மனைவி. ஊழியர், ஆய்வேட்டில் இவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் மாணவர் ஒருவர். சம்பள உயர்வு கேட்கும் நிலையில் அவர் இல்லை.

பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளை. 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளோடு தொடங்கிய கதையின் கடைசி அத்தியாயத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பாவோடு விடியலில் பால் மங்கு துடைத்த கை. பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தோட்டத்து மக்கள் பட்டணம் பார்த்து வெளியேறினார்கள். பிள்ளை படித்து முனைவராகி, அதே செம்பனையின் மட்டையில் உரம் செய்து போத்தலில் அடைத்திருக்கிறார்.

காசு ஆசை என்பார் பக்கத்து வீட்டார். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டன் விஞ்ஞானிகள் ஏன் வணிகத்தில் இறங்குகிறார்கள் என்று ஆராய்ந்த ஆலிஸ் லாம், 2011இல் மூன்று தூண்டுதல்களை எடுத்துப் பேசினார்: தங்கம், ரிப்பன், புதிர். அதாவது பணம், பெயர், விடை தேடும் சுகம். பணத்துக்காக இறங்கியவர்கள் குறைவு; பெயரும் புதிரும்தான் பலரை இழுத்தன.

இங்கே ரிப்பனுக்கு மவுசு அதிகம். கோலாலம்பூரில் நடக்கும் ஐடெக்ஸ் கண்டுபிடிப்புக் கண்காட்சியில் வாங்கிய பதக்கம் கண்ணாடி அலமாரியில், சாமி படத்துக்கு அடுத்த தட்டில் இருக்கும். பதக்கம் பணித்திறன் மதிப்பீட்டில் (கேபிஐ) புள்ளியாகும். புள்ளி பதவி உயர்வாகும். உயர்வு என்றாவது ஒரு நாள் டத்தோ பட்டமாகும் என்பது வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.

ஆனாலும் ஆளைக் கட்டிப்போட்டிருப்பது புதிர்தான். வெயிலில் போத்தல் ஏன் உப்புகிறது? விலை கேட்டவரிடம் நொதித்தலை விளக்கத் தொடங்கினால் விலையே மறந்துபோகும். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த வியாபாரி ஒருவர் அத்தனையும் பொறுமையாகக் கேட்டு, கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு போத்தல் எடுத்துக்கொண்டு, ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டுகிறார்.

"சில்லறை இருக்குங்களா டாக்டர்?"

இல்லை. ரசீதுப் புத்தகமும் இல்லை.