ஓடா மகிழுந்தின் மின்கல மயக்கம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்குக்குக் கரண்ட் புதிதல்ல. ஒரு கோடியில் லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாய்வழி இறங்கி மின்சாரமாகிறது. மறு கோடியில் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே, சின்னமனூரில் ஓர் ஏலக்காய் முதலாளியின் ஷெட்டில் நிற்கும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் 12 வோல்ட் கிடைக்கவில்லை. இம்முரணை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளாதது அறிவுலகின் பெரும் இடைவெளி. அதை நிரப்பவே இக்கட்டுரை.

முன்னாய்வு: ஈய அமில பேட்டரியை 1859இல் செய்தவர் பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளான்டே. அவர் தேனிக்கு வந்ததற்குச் சான்றில்லை.

வண்டியை முதலாளி வெளியே எடுக்காமைக்குக் காரணம்: அதன் தாழ்ந்த வயிற்றில் தட்டும் வேகத்தடை.

நின்ற வண்டியின் பேட்டரி நோய்க்கு மூலம் எது என்பதில் அறிஞரிடையே ஒற்றுமையில்லை. முனைவாதிகள் எதற்கெடுத்தாலும் டெர்மினல் பூத்துவிட்டது என்பார்கள். மருந்து வெந்நீரும் சமையல் சோடாவும் (டீக்கடைப் பெஞ்சு, இடக்கோடி, காலை). ஒழுக்குவாதிகள் இன்னும் ஆழமானவர்கள். பூட்டிய வண்டியும் தூக்கத்தில் கரண்ட் குடிக்கும். அலாரமும் கடிகாரமும் விழித்தே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே வாரத்தில் வறண்டுவிடும். முதலாளியோ சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எடுத்தால் அடுத்து ஆயுத பூஜைக்குத்தான் கவரைக் கழற்றுவார். காலியாகக் கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். இறுகியபின் சார்ஜ் ஏறாது. 12.6 வோல்ட் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே இரங்கல் (பேட்டரிக் கடை காலண்டர், ஆடி மாதத் தாளின் பின்பக்கம், பென்சிலில், பாடபேதம் உண்டு).

ஆல்டர்நேட்டர் மேல் சந்தேகமென்றால் இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டும், 13.8 முதல் 14.5 வரை இருந்தால் அது குற்றமற்றது. ஆனால் இன்ஜின் ஓட பேட்டரி வேண்டும். பேட்டரியோ டிக்கிக்குள். டிக்கி திறக்கக் கரண்ட் வேண்டும். இந்த இடத்தில் ஆய்வாளர்கள் வழக்கமாகத் தேநீர் இடைவேளை விடுகிறார்கள்.

இனி எலுமிச்சைக் கோட்பாடு. சென்ற ஆயுத பூஜையில் நான்கு டயருக்கும் நான்கு பழம் வைத்து நசுக்கினார்கள்; வண்டி அன்றுதான் கடைசியாகச் செல்ஃப் எடுத்தது. ஆகவே நசுங்கிய பழமே மின்மூலம். சிரிக்க வேண்டாம். எலுமிச்சையில் செம்புக் கம்பியும் துத்தநாக ஆணியும் செருகினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வரும். 14 பழங்களைக் கோத்தால் 12.6. நிறைந்த பேட்டரியின் அதே அளவு! இதைத் தற்செயல் என்பவர் தமிழர் தொன்மை அறிவியலின் பகைவர். ஆனால் செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். ஒரு பழம் ஒரு மில்லி ஆம்பியர் கொடுத்தாலே பெரிது. ஆக ஒன்றரை லட்சம் சரங்கள், 21 லட்சம் பழங்கள். தேனிச் சந்தையில் அவ்வளவு வராது. எனவே முற்காலத்தில் இப்பள்ளத்தாக்கு முழுவதும் எலுமிச்சைக் காடாய் இருந்திருக்க வேண்டும் என்பது துணிபு. காடு இருந்ததற்குச் சான்று, அது இப்போது இல்லாமை (ஒர்க்‌ஷாப் மேற்குச் சுவர், கரிக்கட்டி எழுத்து, மேலிருந்து மூன்றாம் வரி, முதலிரு வரிகள் கிரீஸால் சிதைவு, நான்காம் வரி கடன் பாக்கி பற்றியது, பிற்காலச் சேர்க்கை எனக் கடன்பட்டோர் கருதுவர்).

இதைத் திராட்சைவாதிகள் ஏற்கவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால், புளிப்பில் பிறக்கும் மின்சாரமும் தங்களுக்கே உரியது என்கிறார்கள். இரு தரப்பும் காசு கட்டினால் அச்சிடும் ஆய்விதழ்களில் ஆளுக்கு நான்கு கட்டுரை போட்டு, ஒருவர் கட்டுரையை மற்றவர் மறுத்து, அதைக் காட்டியே பதவி உயர்வும் பெற்றுவிட்டார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது.

இதற்கிடையில் ஏலத்தோட்டத்து ஜீப் டிரைவர் ஒருவர் கம்பம்மெட்டிலிருந்து இறங்கி வந்தார். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த சாவித் துவாரத்தில் டிக்கியைத் திறந்தார். ஜம்பர் கேபிளின் சிவப்பைப் பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்குக் கொடுத்தார். கறுப்பின் ஒரு முனையை ஜீப்பின் மைனஸில் மாட்டி, மறு முனையைக் காரின் பேட்டரியில் கவ்வாமல், தள்ளி வண்டியின் வெற்று இரும்பில் கவ்வினார். பேட்டரி வாயுவில் பொறி பட்டால் வெடிக்குமாம். வண்டி உறுமியது. “மொதலாளி, வாரத்துக்கு ஒருக்கா போடி வரைக்கும் போயிட்டு வாங்க. முடியலைன்னா மைனஸைக் கழட்டிப் போட்டுருங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

இக்கூற்றை ஆய்வுக் குழு விரிவாகப் பரிசீலித்தது. மேற்கோள் இல்லாததாலும், சொன்னவர் கருத்தரங்குக் கட்டணம் செலுத்தாததாலும், கட்டுரையில் சேர்க்காமல் அடிக்குறிப்பாக வைக்க முடிவாயிற்று. பக்கம் போதாததால் அச்சகத்தில் அடிக்குறிப்பை எடுத்துவிட்டார்கள்.