மிளகு அல்ல, எலுமிச்சை வீட்டுப் பிள்ளை

கேள்வி: குன்னூர்ச் சோலை ஓரங்களில் படரும் மிளகரணை, மிளகுக்கு உறவா?

பதில்: பெயரில்தான் உறவு, பிறந்த வீடு எலுமிச்சைக் குடும்பம். மிளகளவு காய், கடித்தால் காரம். அதை வைத்தே நம்மவர்கள் மிளகோடு சேர்த்துவிட்டார்கள். நாக்கை விட்டுவிட்டு இலையைக் கேளுங்கள். வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கசக்கினால் எலுமிச்சைத் தோல் வாசனை. எலுமிச்சையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் சில இதையும் தேடி வருகின்றன. புழுவுக்கு இரண்டு இலையும் ஒரே சாப்பாடு. ‘எலுமிச்சைக்கு ஒற்றை இலை, இதற்கு மூன்று சிற்றிலை ஆயிற்றே?’ என்பீர்கள். வில்வத்துக்கும் மூன்றுதான்; அதுவும் இதே குடும்பம். கொக்கி முள் சேலையைப் பிடித்து இழுக்கிறதே என்று தேயிலைத் தோட்ட ஓரத்தில் இதை வெட்டி எறியாதீர்கள். அந்தப் புழுக்களுக்கு அதுவும் ஒரு பந்தி.