போட்டுக் கொடுத்த கூடை

ஸ்ரீரங்கத்தில் ஒரு வயர் கூடையை இலவசமாக வாங்கிக்கொள்வதைவிட, தவணையில் ஸ்கூட்டர் வாங்குவது எளிது. ஸ்கூட்டர் தவணை ஒருநாள் முடிந்துவிடும்.

உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் எதுவானாலும், வீதிக்கு ஒரு கூடை மாமி உண்டு. வயது அறுபதை ஒட்டி இருக்கும். பிள்ளை சிங்கப்பூரில். மாமா பெல்லிலோ ரயில்வேயிலோ ரிட்டயரானவர்; இப்போது வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உத்தியோகம். மத்தியானம் தளிகை உள்ளை ஒழித்துவிட்டு மாமி ஊஞ்சலில் உட்காருவாள். சீரியலைக் காதால் பார்ப்பாள். கண்ணும் விரலும் கூடையில் இருக்கும். சீரியலில் யாராவது மயங்கி விழுந்தால் மட்டும் ஒரு முறை நிமிர்ந்து, விழுந்தது யாரென்று தெரிந்துகொண்டு குனிந்துவிடுவாள்.

வயர் வாங்க 1ஆம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, மலைக்கோட்டைப் பக்கத்துக் கடைவீதிக்குப் போக வேண்டும். அங்கே கட்டுக் கட்டாகத் தொங்கும் வயர்களில் எது வெயிலில் வெளுக்கும், எது வளைத்தால் வெண்தடம் விடும் என்பது மாமிக்குத் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் மாமிக்குத் தெரியும் என்று கடைக்காரர் நினைத்ததைவிட மாமிக்கு அதிகம் தெரியும். வாங்கி வந்ததை முழம் போட்டு வெட்டி, முதலில் அடிப்பாகத்தைப் பின்னி, பிறகு ரன்னிங் வயரைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றி, விளிம்பு கட்டி, கடைசியில் கைப்பிடி. நுனிகளையெல்லாம் உள்ளே சொருகிவிடுவதில்தான் ஆளின் தரம் தெரியும். வேறொருத்தி போட்ட கூடை கைக்கு வந்தால் மாமி முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். கவிழ்த்துப் பார்ப்பாள். "ம்" என்பாள். அந்த "ம்" வீதிமுனை போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பாகிவிடும்.

முடிச்சிலும் தாரதம்மியம் இருக்கிறது. சாதா முடிச்சு அக்கம்பக்கத்துக்கு. பிஸ்கட் முடிச்சு சம்பந்திகளுக்கு. நெல்லிக்காய் முடிச்சு, பிரசவம் பார்த்த டாக்டர் மாதிரி மறக்க முடியாதவர்களுக்கு. எல்லாவற்றிலும் அழகானது சிவன் கண். அதில்தான் சங்கடம். வைஷ்ணவாளாத்து ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? "அந்தக் கண்ணு கூடை" என்பாள் மாமி. அதைப் போட்டு முடித்ததும் திருவானைக்காவல் சிநேகிதிக்குக் கொடுத்துவிடுவாள். பொருள் உரிய இடம் போய்ச் சேர்ந்தது, முடிச்சுப் போட்ட ஆசையும் தீர்ந்தது.

கூடை முடிந்த அன்றே அது கைமாறும் என்று எண்ணுகிறவர்கள் மாமியை அறியாதவர்கள். அது முதலில் ரேழி ஆணியில் தொங்கும். போகும்போதும் வரும்போதும் மாமி அதைப் பார்ப்பாள். யாருக்கென்று மனதில் வைத்துப் போட்டாளோ, அந்த எதிராத்து நாட்டுப்பெண்ணின் குணநலன்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். போன மாசம் வாங்கிப்போன சம்புடத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. கறிகாயைப் பாலிதீன் கவரோடு அப்படியே ஃபிரிட்ஜுக்குள் திணிக்கிறாள். "மாமி, இதெல்லாம் இப்போ யார் யூஸ் பண்றா?" என்று ஒருதரம் சொல்லியிருக்கிறாள். மாமாவிடம் ஆலோசனை நடக்கும்.

"அவளுக்கு இந்த மஞ்சளும் கறுப்பும் எடுக்குமோன்னா?"

"நீ கொடுக்கப்போறது கூடை. அவ கட்டிக்கப் போறதில்லையே."

"உங்ககிட்டப் போய்க் கேட்டேனே."

இதே மனக்கிலேசம் உலகம் முழுக்க உண்டு. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த கனத்த போர்வைகளை அமெரிக்காவில் குவில்ட் என்கிறார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தைத்துக் கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டவர்கள் அதில் நாயைப் படுக்க வைத்திருக்கிறார்களோ, கார் டிக்கியில் விரித்திருக்கிறார்களோ என்று உருகும் பாட்டிகள் அங்கே உண்டு. பின்பக்கத்தில் பெயரும் வருஷமும் எழுதிய துணித்துண்டை வைத்துத் தைத்துவிடுகிறவர்களும் உண்டு. வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்கிறார்கள். கர்நாடகத்தில் அதுவே கௌதி. நம் ஊரில் பழைய ஒன்பது கஜம் தூளிக்கும் பச்சைக் குழந்தைக்கு விரிப்புக்கும் போனதோடு சரி. சித்திரை வெயிலில் திருச்சிக்காரனுக்கு யாராவது கனத்த போர்வை பரிசளித்தால் அது பரிசா விரோதமா என்று யோசிக்க வேண்டும். ஊரிலேயே போர்வைக்கு நியாயமான தேவை உள்ளவர் ஸ்ரீரங்கம் கோயில் உற்சவர் நம்பெருமாள் ஒருவர்தான். கைசிக ஏகாதசி ராத்திரி அவருக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். ஆகவே, போர்வைக்காரிகளுக்கு உண்டான அத்தனை உணர்ச்சியும் திருச்சியில் கூடைக்குள் போய்விட்டது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கூடை போகும். வெறுங்கூடை கொடுக்கக் கூடாது என்பதால் உள்ளே வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். கூடவே உபதேசம். "வெயில்ல தொங்க விடாதே, வெளுத்துடும். எண்ணெய்த் தூக்கு வெச்சுடாதே, பிசுக்கு போகாது. ரெண்டு தேங்காய்க்கு மேல தூக்காதே, கைப்பிடி இழுத்துக்கும்."

நாட்டுப்பெண் திகைப்பாள். பிறகு எதற்குத்தான் இந்தக் கூடை என்று கேட்க நாக்கு வராது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது. "எவ்ளோ மாமி ஆச்சு?" என்று கேட்டால் மாமி முகம் சுருங்கும். "நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?" கேட்காமல் வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலம் மாமாவிடம், "வயர் என்ன விலை விக்கறதுன்னு ஒரு வார்த்தை கேட்டாளா பாருங்கோ" என்பாள். சரியான முறை இதுதான்: கேட்க வேண்டும், திட்டு வாங்க வேண்டும், மறுபடி ஒருதரம் கேட்க வேண்டும், கையைத் தட்டிவிடுவாள், அப்போது சேவித்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

அன்று முதல் தொடங்குகிறது புலன்விசாரணை. மாமி நேராகக் கேட்கமாட்டாள். பெருமாள் சேவிக்கப் போகும் வழியில் எதிராத்து வாசலில் நின்று, "என்னடி, இன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போகலையா?" என்பாள். சாத்தார வீதிப் பூக்காரியிடம், "அவ எதுல பூ வாங்கிண்டு போனா?" என்பாள். கூடையைப் பயன்படுத்தாவிட்டால் தாங்காது. பயன்படுத்தினாலும் தாங்காது. அம்மா மண்டபத்தில் ஈரத்துணி நிறைந்த தன் கூடையைப் படிக்கட்டில் தரதரவென்று யாரோ இழுத்துப் போவதைக் கண்ட ஒரு மாமி, ஸ்நானத்தைப் பாதியில் விட்டுக் கரையேறியதாகக் கேள்வி. "பொண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் நாலு வார்த்தை கேக்க பாத்தியதை உண்டோல்லியோ?" என்பது மாமியின் கட்சி. பெண்ணுக்காவது போன் இருக்கிறது, அவளே சொல்லிவிடுவாள். கூடைக்கு யார் இருக்கிறார்கள்?

சிங்கப்பூர்க் கிளை தனி. திருச்சியிலிருந்து நேர் விமானம் இருப்பதால் யார் போனாலும் மாமி விடுவதில்லை. "ஒரு கூடைதான், வெயிட்டே கிடையாது" என்பாள். உள்ளே பருப்புப் பொடி, மோர் மிளகாய், வடாம், இரண்டு கட்டு அப்பளம் எல்லாம் அடைந்திருக்கும். கூடைக்கு வெயிட் இல்லை என்பது உண்மைதான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வீடியோ கால். பேரன் என்ன படிக்கிறான் என்பதற்கு முன்பு, "அந்த நீலக் கூடையை எங்கேடா வெச்சிருக்கேள், காட்டு" என்பாள். மகன் செல்போனை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவான். துணி கிளிப்புகளைப் போட்டு அதைப் பால்கனியில் வைத்திருப்பது தெரியாமலிருக்க, கேமராவை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தபடி கிளிப்புகளைக் கொட்டும் சத்தம் இங்கே தெளிவாகக் கேட்கும்.

பொன்மலைப் பக்கம் நிலைமை வேறு. ரயில்வே காலனி அக்காக்கள் உபதேசமெல்லாம் செய்வதில்லை. "இந்தா, வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மாசம் கழித்து வந்து, "அந்தக் கூடையைக் குடு புள்ள, அளவு பாத்துட்டு நாளைக்கே தரேன்" என்பார்கள். அந்த நாளை இன்னும் பல வீடுகளில் விடியவில்லை. எனக்கு இது நேர்மையான முறையாகவே படுகிறது. மனசு வரவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்வதுதானே?

நடுவில் சில காலம் மாமிகளுக்குச் சோதனை. கடைக்குக் கடை பாலிதீன் பை வந்து, கையை வீசிக்கொண்டு மார்க்கெட் போவது நாகரிகமான நாட்கள். கூடைகள் பரணுக்கும் பழைய பேப்பருக்கும் போயின. பிறகு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. மாமி அதை அரசாங்கம் தன்னிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டாள். அந்த மகிழ்ச்சி மூன்று வருஷம் முழுசாக நிற்கவில்லை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கினார்கள். "பையாம் பை. நாலு தக்காளி போட்டா நசுங்கிச் சாறா வழியும். கூடைன்னு ஒண்ணு இருக்கறதே அவாளுக்கு ஞாபகம் வரலையா?" என்று இரண்டு நாள் ஊஞ்சல் வேகமாக ஆடியது. அப்போது பள்ளிக்கூடப் பேத்தி குறுக்கே வந்து, "பாட்டி, இந்த வயரும் பிளாஸ்டிக்தானே?" என்றாள். ஊஞ்சல் நின்றது. "ஆமாம். இது உங்க அப்பன் எல்.கே.ஜி.க்குத் தூக்கிண்டு போன கூடை. இன்னிக்கும் சாப்பாடு வெச்சுத் தூக்கலாம். நீ போன வாரம் வாங்கின பேக் எங்கே, ஜிப்பு போயிடுத்துன்னு அழுதியே?" என்றாள். பேத்தி வாய் திறக்கவில்லை.

கொடுத்ததை மறப்பதற்கு ஊரில் முன்மாதிரி இல்லாமலில்லை. ஆடி மாதம் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளும்போது காவிரித் தாய்க்குப் புடவை, மாலையோடு யானைமேல் சீர் வந்து ஆற்றில் விடப்படுகிறது. தைப்பூசத்துக்குத் தங்கை சமயபுரம் மாரியம்மனுக்குக் கொள்ளிடக் கரையில் சீர் போகிறது. மறுநாள் பெருமாள் ஆளனுப்பி, "புடவை கட்டிப் பார்த்தாளா?" என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. இதை ஒரு தைரியத்தில் மாமியிடம் சொன்னார் மாமா. "பெருமாளா உக்காந்து நெஞ்சார்?" என்று ஒரே கேள்வி. மாமா மறுபடி வயர் முனையைப் பிடித்துக்கொண்டார்.

நவராத்திரி வந்தால் மாமி சின்னச் சின்னக் கூடைகளாகப் போட்டுச் சுண்டலோடு தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பாள். ஜாக்கெட் பிட் போலவே நவராத்திரிக் கூடைக்கும் கால் முளைத்துவிடும். அடுத்த வருஷம் தெற்கு உத்தர வீதியில், முன்பின் பழக்கமில்லாத ஓர் அகத்துக் கொலுவில், மாமியின் கையிலேயே மாமியின் கூடை தாம்பூலமாக வந்து சேர்ந்தது. கவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "ரொம்ப நன்னா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டாள். "எங்க நாத்தனார்" என்றாள் அந்தாத்து மாமி. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேச்சில்லை. கூடையைக் கைமாற்றியதில் வருத்தமில்லையாம். "நாத்தனார் போட்டதுன்னு சொன்னாளே, அந்த விளிம்பு கட்ட அவ நாத்தனாருக்கு வருமா?"

இத்தனைக்கும் பயந்து சில வீடுகளில் நிரந்தர ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார்கள். மாமி கொடுத்த கூடை வாசல் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கும். மாமியின் குரல் வீதி முனையில் கேட்டதும் ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு கத்தரிக்காயும் ஒரு கறிவேப்பிலைக் கொத்தும் எடுத்து அதில் போட்டு, கண்ணில் படும்படி திண்ணையில் வைத்துவிடுவார்கள். எங்கள் வீதியில் ஓர் அகத்தில் போன வாரம் குடித்தனக்காரி ஊரில் இல்லை. குரல் கேட்டதும் அவள் அகத்துக்காரர் பதறிப்போய்க் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கூடையில் போட்டு வெளியே வைத்திருக்கிறார். மாமி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஷேவிங் செட், டி.வி. ரிமோட், ஒரு முருங்கைக்காய்.

"இதெல்லாம் எந்த மார்க்கெட்ல வாங்கினேள்?" என்றாள் மாமி.