வாய் திறவாத கவிதை

கேள்வி: ஜாஸையும் சைக்கடெலிக் ராக்கையும் கலந்து, பாடகரே இல்லாமல் செய்த இசைத்தட்டு மனத்தில் நிற்குமா?

பதில்: டேவிட் ஆக்ஸல்ராட் 1968-இல் காபிடல் நிறுவனத்துக்காக அமைத்த ‘சாங் ஆஃப் இன்னஸன்ஸ்’ என் மனத்தில் நின்றுகொண்டல்லவா இருக்கிறது! மகாகவி வில்லியம் பிளேக்கின் கவிதையுலகையே ஆதாரமாகக் கொண்டும், அவருடைய சொல் ஒன்றைக்கூட எவர் வாயிலும் வைக்காமல், கரோல் கேயின் பாஸ் கிதாரும் ஏர்ல் பாமரின் டிரம்மும் நிதானமாக நடைபோட, வயலின்கள் மேகம்போல் கவிய, மின்சாரக் கிதார் அவற்றைக் கீறிக்கொண்டு மின்னும் அந்த அற்புதம், அரைமணிக்கும் குறைந்த நேரமே நீடிப்பது எனக்கு உண்மையான துக்கம். அதிலுள்ள ‘ஹோலி தர்ஸ்டே’யிலிருந்து துணுக்குகளை எடுத்துப் பிற்காலத்து ஹிப்-ஹாப் கலைஞர்கள் தங்கள் பாட்டுகளில் பதித்துக்கொண்டார்கள், பாடகர்கள் சற்றுத் தாமதமாக வந்தார்கள், அவ்வளவுதான்!