எவன்யா எழுதுனது இதை?

படாளம் கூட்டுரோட்டிலிருந்து வேடந்தாங்கல் போகிற சாலையில் டீக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலை ஏழு மணிக்கு எந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும், பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து பிரிக்கிற ஒருவர் அங்கே இருப்பார். முதல் பக்கத்தில் ஆட்சியே கவிழ்ந்திருந்தாலும் அது அவருக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்தால் போதும். விளையாட்டுப் பக்கத்தை நான்காக மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். படிக்கிறதுக்குப் பேனா எதற்கு என்று கேட்கக் கூடாது. அவர் படிக்க வரவில்லை, திருத்த வந்திருக்கிறார்.

"அண்ணே, கடை பேப்பருண்ணே. நாலு பேரு படிக்கணும்" என்று கெஞ்சுவார் டீ மாஸ்டர்.

"தப்பா படிக்கிறதுக்குப் படிக்காமயே இருக்கலாம்பா" என்பார் இவர், 'முதல் பாதியில்' என்று அச்சாகியிருப்பதை அடித்து 'இரண்டாவது பாதியில்' என்று எழுதிக்கொண்டே. பிறகு தலையை நிமிர்த்தி, கடையில் இருக்கும் எல்லோரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கேள்வி கேட்பார்: "எவன்யா எழுதுனது இதை?"

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அது பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியும் இல்லை.

இவர் சென்னையின் எஃப்சி ரசிகர். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய வருஷம் டிவியில் பிடித்துக்கொண்ட பைத்தியம், இன்றுவரை தெளியவில்லை. நகரத்து ரசிகனுக்குக் கூட்டம் உண்டு, கொட்டு உண்டு, நீலச் சட்டை போட்ட நாலு நண்பர்கள் உண்டு. இவர் தனி ஆள். ஊரில் பாதி கிரிக்கெட், மீதி கபடி. மேட்ச் நாளில் பைக்கைச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் போட்டுவிட்டு, எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடுவார். திரும்பி வீடு சேரும்போது நாய்கூடக் குரைக்காமல் தூங்கியிருக்கும். அத்தனை பாடுபட்டுப் பார்த்த ஆட்டத்தை, மறுநாள் காலை ஒருவர் மூன்று பத்தியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மனுஷனுக்குப் பொறுக்குமா?

"நான் எம்பது கிலோமீட்டர் போய்ப் பாத்துட்டு வரேன். அந்தாளு ஆபீஸ்ல உக்காந்து டிவியில பாத்து எழுதறான்."

எப்படித் தெரியும் என்று கேட்டால் ஆதாரம் தயாராக இருக்கும். பயிற்சியாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை நிருபர் எழுதியிருக்கிறார். கேலரியில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியவே தெரியாது. டிவியில்தான் தெரியும். ஆகவே அவர் மைதானத்துக்கு வரவில்லை. சரி, ஒருநாள் நிருபர் பயிற்சியாளரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? பார்த்திருந்தால் எழுதியிருப்பானே! அன்றைக்கும் வரவில்லை. இந்த வழக்கில் நிருபருக்கு ஜாமீன் கிடையாது.

அணியைப் பாராட்டி எழுதினால் கிளப்காரன் கவர் கொடுத்துவிட்டான். திட்டி எழுதினால் எழுதியவன் கேரளாக்காரன், பிளாஸ்டர்ஸ் ஆளு. பாராட்டாமலும் திட்டாமலும் எழுதினால் கிரிக்கெட் எழுதுகிறவனைக் கால்பந்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாவதாக ஒரு வழி நிருபருக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2018 மார்ச் 17ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திச் சென்னையின் இரண்டாவது முறை கோப்பையைத் தூக்கியது. மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிய இரண்டு கோல், நடுக்களத்தில் சென்னைப் பையன் தனபால் கணேஷ். அதற்கு அடுத்த சீசனில் அதே அணி பத்து அணிகளில் பத்தாவதாக, மொத்தமே 9 புள்ளிகளோடு வந்து நின்றது. காரணம்? ஜான் கிரகரியின் தந்திரம் பழசாகிவிட்டது, வீரர்களுக்குக் காயம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நம்மவர் ஒரே வரியில் முடித்தார்: "சாம்பியன், சாம்பியன்னு வருஷம் பூராவும் எழுதியே கண்ணு வச்சிட்டானுங்க."

இந்த அவநம்பிக்கை கால்பந்திலிருந்து வந்ததில்லை என்பது என் கட்சி. வேடந்தாங்கலில் பிறந்தவனுக்கு அது பறவைகளிடமிருந்தே வந்துவிடுகிறது.

ஒவ்வொரு வருஷமும் மழை விழுந்து ஏரி நிரம்பியதும் பேப்பரில் ஒரு செய்தி வரும். வேடந்தாங்கலில் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன. ஆஸ்திரேலியா, சைபீரியா, இன்னும் எங்கெங்கிருந்தோ முட்டையிட வந்திருக்கின்றன. கூடவே கூழைக்கடா படம். ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். நீர்க்கடம்பு மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட நம்ம பறவைகள்தான். வடக்கே குளிர்தேசங்களிலிருந்து வருகிற ஊசிவால் வாத்து மாதிரியானவை இங்கே வந்து இரை தேடிவிட்டுக் கோடையில் திரும்பிவிடும். அவை இங்கே முட்டையிடுவதில்லை. இதை ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற பையனே சொல்லிவிடுவான். ஆனால் அவனிடம் யாரும் கேட்பதில்லை.

இப்போது அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். கோல் போட்டவன் பிரேசில்காரனாக இருந்தால் தலைப்பில் பெயர். பந்தைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தவன் மிசோரம் பையனாக இருந்தால் கடைசிப் பத்தியில் 'சக வீரர்'. "கூழைக்கடாவ ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புன ஆளுதானே இதையும் எழுதறான்" என்பார் நம்மவர். சில சமயம் உண்மையிலேயே ஒரே ஆள்தான். சிற்றூர்ப் பக்கம் பகுதிநேர நிருபர் என்பவர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள், ஜிஎஸ்டி ரோடு விபத்து, மாரியம்மன் தீமிதி, பறவை, பந்து எல்லாவற்றுக்கும் ஒருவரே. அவருக்குக் கிடைக்கிற பணம் பெட்ரோலுக்கு ஆனால் பெரிது. இதை நம்மவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அப்போ பெட்ரோல் போடாமலே எழுதிட்டான்னு ஒத்துக்கறீங்க" என்றார்.

ஊருக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு பழையது. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கிராமத்தார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைத் தொடக்கூடாது என்று ஒரு கவுல் பத்திரம் எழுதி வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பொறுப்பேற்றுக்கொண்ட காகிதத்தை இந்த ஊர் நம்பும். 'நமது நிருபர்' என்று மட்டும் போட்டு ஆள் யாரென்று சொல்லாத காகிதத்தைத்தான் நம்பாது.

பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது. அந்த 2018 மார்ச் இரவில் சென்னை ரசிகர்கள் சரம் சரமாய்க் கொளுத்தியிருக்கலாம். மார்ச்சில் இங்கே கூட்டில் இன்னும் குஞ்சுகள் இருக்கும். கோப்பை வென்ற சந்தோஷத்தை வாயைப் பொத்திக்கொண்டு கொண்டாடிய ரசிகன் உலகத்திலேயே வேடந்தாங்கலில்தான் இருந்திருப்பான். இந்த வெடிச் செய்தி மட்டும் வருஷா வருஷம் பேப்பரில் சரியாக வருகிறது என்று நம்மவர் ஒப்புக்கொள்கிறார். போன வருஷம் வந்ததையே எடுத்துப் போடுவதால் தப்பு வர வாய்ப்பில்லையாம்.

அவர் நிருபரை முழுசாக நம்பியது ஒரே ஒரு தடவை. 2015 டிசம்பர். சென்னையும் செங்கல்பட்டும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த நேரம். கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியைச் சென்னையில் நடத்த வழியில்லாமல் புனேவுக்கு மாற்றினார்கள். கரண்டும் இல்லை, டிவியும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. தாமதமாக வந்து சேர்ந்த ஈரப் பேப்பரில் சென்னை 3-0 என்று போட்டிருந்ததைப் பேனா எடுக்காமல் படித்தார். சரிபார்க்க வேறு வழியில்லாதபோது மனிதனுக்கு வரும் பரிபூரண நம்பிக்கை அது. அடுத்த வாரமே கரண்ட் வந்துவிட்டது, நம்பிக்கை போய்விட்டது.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலில் கோவா 2-1 என்று முன்னால் போனது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். இஞ்சுரி டைமில் மெண்டோசா ஒன்று போட, 3-2, கோப்பை சென்னைக்கு. இதில் நிருபரின் பாட்டை யோசித்துப் பாருங்கள். இரவு ஆட்டம், வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போகிற நேரம், ஆபீஸிலிருந்து போன் மேல் போன். 87ஆவது நிமிடத்தில் 'கோவா சாம்பியன்' என்று எழுதி வைக்காத நிருபர் பிழைப்புத் தெரியாதவர். அடுத்த சில நிமிடங்களிலேயே அத்தனையும் குப்பைக்கூடைக்கு. எனக்கு அந்தத் தொழில்மேல் மரியாதை வருவது இந்த மாதிரி இடத்தில்தான். நம்மவருக்கு வேறு மாதிரி: "பாத்தீங்களா, நம்ம தோப்போம்னு முன்னாடியே எழுதி வச்சிருந்திருக்கான்."

இது வேடந்தாங்கல் வியாதி மட்டுமில்லை. ஸ்பெயினில் மார்கா மாட்ரிட் பக்கம், முண்டோ டெபோர்டிவோ பார்சிலோனா பக்கம் என்று ஊரே பேப்பரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. எதிரி ஊர்ப் பேப்பரைத் திட்டுவதற்காகவே வாங்குகிறவர்களும் இருப்பார்கள். சிரிப்பதற்கு இல்லாத ஒரு கதையும் உண்டு. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் மொத்தம் 97 பேரின் உயிர் போனது. நாலு நாள் கழித்து லண்டனின் 'சன்' பத்திரிகை, பழியை ரசிகர்கள் மேலேயே போட்டு முதல் பக்கத்தில் எழுதியது. அது பொய் என்று 2012இல் தனிக்குழு அறிக்கை தெளிவாகச் சொன்னது. லிவர்பூல் நகரம் அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. 1989லேயே அந்தப் பேப்பரைக் கையால் தொடுவதை நிறுத்திவிட்டது, இன்றுவரை தொடவில்லை. 2017இல் கிளப்பும் அதன் நிருபர்களை உள்ளே விடுவதில்லை என்று முடிவெடுத்தது. 'எவன்யா எழுதுனது?' என்ற கேள்வி சில சமயம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

நம்மவரின் கேள்வி அந்த ரகமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் மணிபர்ஸிலிருந்து ஒரு துண்டுப் பேப்பரை எடுத்துக் காட்டினார். மாவட்ட அளவிலான பள்ளிக் கால்பந்துப் போட்டிச் செய்தி. போட்டியைத் தொடங்கி வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் ஆறு பேர், பரிசு வழங்கியவர், வாழ்த்துரை, வரவேற்புரை, உடற்கல்வி இயக்குநர், இறுதியில் நன்றி கூறியவர். படத்தில் கோப்பையைச் சுற்றிப் பதினைந்து வெள்ளை வேட்டி. பையன்கள் தரையில் குந்தியிருக்கிறார்கள். எந்தப் பள்ளி ஜெயித்தது என்பது கடைசி வரிக்கு முந்தின வரியில் இருக்கிறது. எத்தனை கோல் என்று இல்லை. யார் அடித்தது என்று இல்லை.

"ரெண்டு கோல். ரெண்டும் எம்மவன் போட்டது" என்றார்.

துண்டுப் பேப்பரில் திருத்தம் எதுவும் இல்லை. திருத்துவதற்கு அதில் தப்பு ஒன்றும் இல்லையே.

அவர் தினமும் திட்டிக்கொண்டே படிக்கிறாரே, அதன் கணக்கு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எழுதியதில் இருக்கும் தப்பைப் பேனாவால் அடித்துவிடலாம். எழுதாமல் விட்டதை எங்கே போய் அடிப்பது? 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி டூரண்ட் கோப்பையில், வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டார். எட்டு டெர்பிகளாகத் தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயித்தது; கொல்கத்தாவில் பாதி நகரம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. "நம்ம பேப்பர்ல தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு" என்கிறார் நம்மவர். இதை மிகைப்படுத்துகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மிகை எவ்வளவு என்று கழித்துப் பார்த்தாலும் மிச்சம் நிற்கிறது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நிருபருக்கு நம்மவரைவிட நல்ல வாசகன் கிடைக்க மாட்டான். அவ்வளவு கவனமாக அந்த மூன்று பத்தியைப் படிப்பவர் எழுதியவர் வீட்டில்கூட இருக்க மாட்டார். சந்தேகப்படுவதற்காகவாவது முழுசாகப் படிக்கிறார். நம்புகிறேன் என்று சொல்லிக்கொள்பவர்கள் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை மாவட்டப் போட்டிச் செய்தி வரும்போது, முன்னிலை வகித்தவர்களில் இரண்டு பேரை எடுத்துவிட்டு, கோல் போட்ட பையன் பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு. அதைத் தப்பாகவே போட்டாலும் பரவாயில்லை, திருத்திக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது.